மாயாவியின் இரும்புக்கையும் மன்னார்க் கரையும்

"கடலிலே இழுவைமடி, கரையிலே கனிய மணல் கம்பனி, நடுவிலே காற்றாலை. இத்தனை தொல்லை மன்னார்த் தீவைச் சூழ்ந்து நிற்கையில் உமக்குச் சித்திரக்கதை ஒரு கேடா, மாஸ்டர்?"

இப்படிக் கேட்ட நண்பர் சாமானியரல்லர். நீண்டகாலம் ஆசிரியத் தொழில் புரிந்தவர். தொழிற்சங்க ஊர்வலங்களில் முன்வரிசையில் நடந்தவர். சோவியத் நாவல்களை வரிவரியாகக் கற்பித்து ஒரு தலைமுறையை உருவாக்கியவர். அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது பாதி நியாயம்தான். மற்றப் பாதியைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். சென்னை சென்று மீண்ட உறவினர் ஒருவர் ஒரு கட்டுச் சித்திரக்கதைப் புத்தகங்களைக் கொணர்ந்து தந்தார். இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், இரும்பு மனிதன் ஆர்ச்சி, வேதாளர், மாண்ட்ரேக் ஆகியோரின் பழைய கதைகள் புதிய பதிப்பாக இருந்தன. அமெரிக்க அதிமனிதர்களின் அண்மை வெளியீடுகள் சிலவும் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை வகுப்பறை அலுமாரியில் வைத்து மாணவருக்கு வழங்கினேன். படித்தவர் தம் கருத்தை அரைத்தாளில் எழுதித் தரவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அதே வேளையில் இத்தகைய புத்தகங்களை விரும்பிச் சேர்க்கும் வளர்ந்தோர் சிலரின் அபிப்பிராயங்களையும் கேட்டறிந்தேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு மூண்டது கோபம். அந்தக் கோபத்தை மறைக்க நான் விரும்பவில்லை.

வளர்ந்தோரின் அபிப்பிராயங்கள் யாவை? தாள் நன்று, அட்டை கெட்டி. வண்ணம் சற்றுத் தூக்கல், கறுப்பு வெள்ளையே அழகு. பழைய மொழிபெயர்ப்புக்கு இது ஈடாகாது. மாயாவி இன்னும் பெரிய அளவில் வரவேண்டும், ஸ்பைடரை நிறுத்தவே கூடாது. புடைவைக் கடையில் துணியைத் தடவிப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு கதையை நாற்பது ஆண்டுகளாக நெஞ்சில் சுமந்தவர்கள், அந்தக் கதை யாருக்காகப் பேசுகிறது என்று ஒரு தடவையேனும் கேட்டதில்லை. தாளைத் தடவுகிறவன் கதையைத் தொடுவதில்லை.

பழமையின் மீதுள்ள பாசத்தை நான் எள்ளி நகையாடவில்லை. அதற்கு எனக்குத் தகுதியுமில்லை. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இரும்புக்கை மாயாவியை வெளியிட்டது. இலங்கையில் அது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். 1977க்குப் பின்னர் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. சேலைக்கட்டுகளுக்கும் எவர்சில்வர் பாத்திரங்களுக்கும் இடையே நசுங்கியபடி வந்த மாயாவியைத்தான் நாங்கள் அறிந்தோம். அட்டை கிழிந்த ஒரு புத்தகம் பேசாலை தொடக்கம் எருக்கலம்பிட்டி வரை கைமாறும். திரும்பி வரும்போது கடைசிப் பக்கம் இராது. கதையின் முடிவை நாங்களே புனைந்துகொள்வோம். 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது இங்கே கப்பலும் நின்றது, வாழ்வும் நின்றது. ஆகவே இந்தப் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் பாசம் விமர்சனம் ஆகாது.

இனி மாணவரின் அரைத்தாள்களுக்கு வருவோம். "சூப்பர் சேர், இன்னும் தாருங்கள்" என்று மட்டும் எழுதியவர்களும் இருந்தனர். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு பையன் எழுதியிருந்தான்: "மாயாவி மின்சாரத்தைத் தொட்டால்தான் மறைய முடியும். 2022இல் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லாதபோது அவர் என்ன செய்திருப்பார்?" வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் இன்னொருவன் எழுந்து, "இப்போது எங்கள் தீவில் முப்பது காற்றாலைகள் நிற்கின்றன. மாயாவி இங்கே வந்தால் நல்ல வசதி. ஆனால் அவர் யார் பக்கம் நிற்பார், சேர்?" என்றான்.

இதுவல்லவா விமர்சனம்! நூறு பக்கத் திறனாய்வு நூல்கள் கேட்கத் தவறிய கேள்வியை ஒரு கரைவலைத் தொழிலாளியின் மகன் ஒரே வரியில் கேட்டுவிட்டான். அந்தக் கேள்விக்கு விடையும் உண்டு.

மாயாவி பிறந்தது 1962இல், 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் சிறுவர் வார இதழில். சித்திரம் தீட்டியவர் ஹேசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியக் கலைஞர். ஒளியையும் நிழலையும் அவரைப்போல் ஆண்டவர் அத்துறையில் சிலரே. லூயிஸ் கிராண்டல் என்ற ஆய்வுகூட உதவியாளன் ஒரு கையை ஏற்கெனவே இழந்தவன். மின்விபத்தொன்றின் பின் அவன் உடல் மறைகிறது. இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கவீனனான ஓர் ஊழியன், முதலில் உலகத்தின் மேல் வெஞ்சினங்கொண்டு குற்றத்தில் இறங்குகிறான். கதையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. அவனுடைய கோபம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தால் அது மாபெரும் படைப்பாகியிருக்கும். கேட்கவில்லை. சில காலத்துக்குள் அவன் 'நிழற்படை' என்ற இரகசிய உளவுப்பிரிவின் ஊழியனாகிவிடுகிறான். கோபம் கொண்ட தொழிலாளியை அரசின் ஒற்றனாக்கி அடக்கிவிட்டார்கள். 'அவர் யார் பக்கம் நிற்பார்?' என்ற கேள்விக்கு இதுவே பதில். கண்ணுக்குத் தெரியாத உளவாளிகள் நடமாடிய ஊரில் வாழ்ந்த நமக்கு அந்தப் பதிலின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஒரு மாணவியின் தாளை நான் வகுப்பில் வாசிக்கவில்லை. "மாயாவி தானாக மறைகிறார், தானாகத் திரும்பி வருகிறார். எங்கள் மாமா தானாக மறையவில்லை" என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடு கிழித்திருந்தாள். காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களை ஏந்தியபடி தாய்மார் ஆண்டுக்கணக்காக வீதியோரம் அமர்ந்திருக்கும் மாகாணம் இது. மன்னார் நகரில் 2018இல் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. சில மாதிரிகளைப் பரிசோதித்த அமெரிக்க ஆய்வுகூடம் அவை பல நூற்றாண்டுகளுக்கு முந்தியவை என்று 2019இல் அறிவித்தது. அந்த அறிக்கையால் மன அமைதி பெற்ற தாய் ஒருத்தியை நான் கண்டதில்லை. இத்தகைய மண்ணில் 'மறைதல்' என்ற சொல்லை விளையாட்டாகப் படிக்க ஒரு குழந்தையால் இயலவில்லை என்றால் குற்றம் குழந்தையுடையதா?

"சித்திரக்கதை வெறும் பொழுதுபோக்கு, அதில் அரசியலைப் புகுத்தாதீர்" என்பார் உளர். புகுத்துவது யார்? வேதாளரைப் பாருங்கள். 1936இல் லீ பாக் படைத்த பாத்திரம். கடற்கொள்ளையரிடம் தந்தையைப் பறிகொடுத்த வெள்ளையன் ஒருவன் கரையொதுங்கி, வனவாசிகளின் நடுவே மண்டையோட்டுக் குகையில் அமர்ந்து, தலைமுறை தலைமுறையாக ஆசியும் தண்டனையும் வழங்குகிறான். கறுத்த மக்கள் அவனை மரணமற்றவன் என்று வணங்குகிறார்கள். அந்தக் கொள்ளையருக்கு இட்ட பெயர் 'சிங்' கூட்டம்! இந்தியா பிரிட்டிஷ் ஆட்சியில் கிடந்த காலத்தில், நாட்டை ஆண்டவன் பாதுகாவலனாகவும் நாட்டுக்குரியவன் கொள்ளைக்காரனாகவும் தீட்டப்பட்டனர். 1964இல் இந்திரஜால் காமிக்ஸ் வேதாளரை இந்தியாவில் வெளியிடத் தொடங்கியபோது 'பெங்காலி' என்ற நாட்டின் பெயர் 'டெங்காலி' ஆயிற்று. பெயர் மாறியது, ஆசனத்தில் இருந்தவன் மாறவில்லை. மாண்ட்ரேக்கின் தோழன் லொதார் ஓர் ஆபிரிக்க இளவரசன். எனினும் சிறுத்தைத்தோல் உடுத்தி, குதறிய ஆங்கிலம் பேசி, எசமானுக்குப் பின்னால் முப்பது ஆண்டுகள் நின்றான். 1965 அளவில் ஓவியர் மாறிய பின்பே அவனுக்கு நல்ல உடையும் நல்ல மொழியும் கிடைத்தன. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய ஆண்டுகள் அவை என்பதை மறந்துவிடலாகாது. வாசகனின் அபிப்பிராயம் வீதியிலிருந்து வந்தபோது சித்திரமும் திருந்தியது. தாளின் தரத்தைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் லொதார் இன்றும் சிறுத்தைத்தோலில்தான் நின்றிருப்பான்.

இவ்வளவும் சொன்னபின், "அப்படியானால் இந்த நச்சுக் குப்பையை எரித்துவிடுவோம்" என்று என் நண்பர் மகிழ்ந்தார். அவரோடு எனக்குள்ள சண்டையே இங்குதான் ஆரம்பமாகிறது.

எரிக்கும் ஆசை நமது அணியினரின் பழைய நோய். 1954இல் அமெரிக்க மனநல மருத்துவர் பிரெடெரிக் வெர்த்தாம் சித்திரக்கதைகளே சிறுவரைக் கெடுக்கின்றன என்று நூலெழுதினார். அவர் பிற்போக்குவாதியல்லர், ஹார்லெமில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக மருத்துவமனை நடத்தியவர். எனினும் தம் கட்சியை நிறுவுவதற்காகச் சான்றுகளை வளைத்தார் என்பதை 2012இல் ஓர் ஆய்வாளர் அவருடைய குறிப்பேடுகளைக் கொண்டே காட்டினார். பிரிட்டனில் கம்யூனிஸ்டுகளும் ஆசிரியர்களும் பாதிரிமாரும் ஒரே மேடையில் நின்று இயக்கம் நடத்த, 1955இல் தடைச்சட்டம் பிறந்தது. நம் நாட்டிலும் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளுக்கு எதிராக முற்போக்காளர் குரலெழுப்பினர்; 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் உள்ளூர்ப் பதிப்புத்தொழிலுக்கு மூச்சு விட இடம் கிடைத்ததை நான் மறுக்கவில்லை. வீரகேசரி நாவல்கள் அக்காலத்தில் பெருகின. சிங்களத்திலே சித்திரக்கதைப் பத்திரிகைகள் செழித்தன. தமிழில் சுந்தரின் 'சிரித்திரன்' இருந்தது. சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் யாழ்ப்பாணத்துப் போலிக் கௌரவத்தை நாலு கோடுகளில் அம்பலப்படுத்தினர். அது நமது பெருமை. ஆனால் சிறுவனுக்கு? நாவலைப் பற்றி மாநாடு கூட்டினோம், கவிதைக்காகக் கன்னை கட்டினோம். அவன் கையிலிருந்ததைப் பறிக்க நமக்கு ஆயிரம் நியாயம் இருந்தது. வெறுங்கையில் வைக்க ஒன்றையும் நாம் ஆக்கவில்லை.

குப்பை என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் குப்பையைப் படைத்த தொழிலாளியின் கதை நமக்குத் தெரியுமா? 1938இல் முதல் இதழ் வெளிவந்த சூப்பர்மேன், யூதக் குடியேற்றக் குடும்பங்களில் பிறந்த ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரு வறிய இளைஞரின் சிருஷ்டி. அந்தத் தொடக்க ஆண்டின் கதைகளில் அவன் வேற்றுக்கிரகத்தாரோடு மோதவில்லை. பாதுகாப்பற்ற சுரங்கத்தின் முதலாளியை அதே சுரங்கத்துக்குள் அகப்பட வைத்து, தொழிலாளி படும் பாட்டை உணரச் செய்கிறான்; மனைவியை அடிக்கிறவனை உதைக்கிறான்; யுத்தத்தால் இலாபம் தேடுகிறவனைப் போர்க்களத்துக்கே இழுத்துச் செல்கிறான். பொருளாதார மந்தத்தில் வாடிய மக்களின் கனவு அது. அக்கனவின் முழு உரிமைக்கும் கம்பனி கொடுத்த விலை 130 டொலர். கோடிகள் குவிந்தன, கோடிகளில் பங்கு கேட்டு வழக்குத் தொடுத்தவர்களின் பெயர் அச்சிலிருந்து நீக்கப்பட்டது. 1975இல், முதிய வயதில், ஊரறிய முறையிட்ட பிறகே ஆண்டுக்கு 20,000 டொலர் உபகாரச் சம்பளமும் பெயரும் மீண்டன. இன்னொன்றும் சொல்வேன். நம் வாசகர் கொண்டாடும் ஸ்பைடரின் பல கதைகளை 1966 முதல் எழுதியவர் இதே ஜெரி சீகல்தான்! தான் படைத்த வீரனை இழந்த தொழிலாளி, கடல்கடந்த பிரிட்டிஷ் இதழொன்றுக்குக் கூலிக்கு எழுதினார். அது சிவகாசி வழியாக மன்னாருக்கு வந்தது. கொள்ளைக்கூட்டத் தலைவனாகத் தோன்றிய ஸ்பைடரைப் படிக்கும்போது, உண்மையான கொள்ளை எங்கே நடந்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

சிவகாசி என்றதும் வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. தமிழ்ச் சிறுவருக்கு அதிசயங்களை அச்சிட்டுத் தந்த அந்த நகரம், 1980களில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறுவர் உழைத்ததற்காக உலகெங்கும் பேசப்பட்டது. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் அது குறித்துத் தீர்ப்புரைக்க வேண்டியதாயிற்று. இதற்காகப் பதிப்பாளரைப் பழிப்பது அநீதி. பெரும் நட்டங்களையும் இடைவெளிகளையும் தாண்டி, 2012 முதல் மறுபடியும் சீராகத் தமிழில் சித்திரக்கதை கொண்டுவரும் உழைப்பு பாராட்டுக்குரியது. என் வருத்தமெல்லாம், அங்கே குச்சி அடுக்கிய சிறுவனை நாயகனாகக் கொண்ட சித்திரக்கதை வேண்டும் என்று ஒரு வாசகர் கடிதத்தையேனும் நான் படித்ததில்லை என்பதே.

சூப்பர்மேன் குறித்து ஒரு மாணவன் எழுதியதை இங்கே தரவேண்டும். அழியும் கிரகத்திலிருந்து பெற்றோர் குழந்தையைச் சிறு கலத்தில் வைத்து அனுப்புகிறார்களல்லவா? "அந்தப் போட்டுக்கு எவ்வளவு காசு கட்டினார்கள்? ஏன் அப்பா அம்மாவுக்கு இடம் கிடைக்கவில்லை?" என்று கேட்டிருந்தான். போர்க்காலம் முழுவதும் இக்கரையிலிருந்து மக்கள் இரவில் வள்ளமேறி அக்கரை சென்றனர். மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டுத் தண்ணீரின்றிக் காத்துக் கிடந்தனர். 2022 மார்ச்சில், யுத்தம் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின், பசியால் அதே வழியில் மறுபடியும் சென்றனர். 2025இல் வெளியான சூப்பர்மேன் திரைப்படத்தை ஒரு குடியேறியின் கதை என்று அதன் இயக்குநர் கூறியதற்காக அமெரிக்காவில் பெரும் கூச்சல் எழுந்தது. தலைமன்னார்ப் பிள்ளைக்கு அதில் சர்ச்சையே இல்லை. அவனுக்கு அது அயல்வீட்டுச் செய்தி.

வீரன் ஒருவனே வந்து மீட்பான் என்ற கற்பனைக்கு மாற்றுத் தேடுவோர் ஆர்ஜென்டினாவைப் பார்க்கவேண்டும். ஹெக்டர் ஓஸ்டர்ஹெல்ட் எழுத, சொலானோ லோபஸ் தீட்டி, 1957 முதல் 1959 வரை வெளிவந்தது 'எல் எட்டர்னவுட்டா'. புவனோஸ் அயர்ஸ் நகரில் நச்சுப்பனி பொழிகிறது, வேற்றுக்கிரகத்தார் படையெடுக்கின்றனர். வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்த சாதாரண அயலவர்கள், கைக்குக் கிடைத்ததைக் கொண்டு கவச உடை தைத்து, கூட்டாக எதிர்த்து நிற்கிறார்கள். பறப்பவன் எவனும் அங்கில்லை. உண்மையான நாயகன் தனிமனிதனல்லன், கூட்டம்தான் என்பது ஓஸ்டர்ஹெல்டின் முடிவு. 1977இல் இராணுவ ஆட்சி அவரைப் பிடித்துக் காணாமல் ஆக்கியது. அவருடைய நான்கு புதல்வியரும் அவ்வாறே அழிக்கப்பட்டனர். விஞ்ஞானச் சித்திரக்கதை குழந்தை விளையாட்டு என்கிற என் நண்பருக்கு, சர்வாதிகாரிகள் அப்படி எண்ணவில்லை என்பதைப் பணிவோடு தெரிவிக்கிறேன்.

நம் கரையில் கதைக்குப் பஞ்சமா? காலில் கல்லைக் கட்டி, மூச்சையடக்கி, கயிற்றைப் பிடித்து முத்துப்பாரில் இறங்கிய குளியாட்கள் எந்த அதிமனிதனுக்குக் குறைந்தவர்கள்? மரிச்சுக்கட்டியில் 1905இல் நடந்த பெரும் முத்துக்குளிப்பின் பின், 1906இல் அந்தக் கடலையே இலண்டன் கம்பனியொன்றுக்கு இருபதாண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள்; சீக்கிரமே சிப்பி அற்றுப்போயிற்று. விஞ்ஞானப் புனைகதை வேண்டுமா? கரைமணலை அள்ளிச் செல்ல வரும் கம்பனி, அள்ளியபின் கடல்மட்டத்துக்குக் கீழே தாழும் தீவு, சுழலும் இராட்சத இறக்கைகளின் கீழே வலை விரிக்கும் மனிதன் என எல்லாம் கண்முன்னே இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் மன்னார் நகரில் நாட்கணக்காக அமர்ந்து எதிர்ப்புக் காட்டிய மக்களை எந்தச் சித்திரக்காரரேனும் கட்டம் பிரித்துத் தீட்டினாரா? ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008 வரை இந்த நாட்டில் வாழ்ந்து, இத்தீவையே களமாக வைத்து வானத்துக்குக் கோபுரம் எழுப்பும் நாவலைப் படைத்தார். நம் ஆசிரியர் அவரை வினாத்தாளின் பொது அறிவுப் பகுதியில் ஒரு வரியாக அடக்கிவிட்டனர். வன்னி மக்களின் இறுதி யுத்தத் துயரை 'வன்னி' என்ற சித்திர நாவலாக 2019இல் வெளியிட்டவர்கள் பெஞ்சமின் டிக்ஸ், லின்ட்சே பொலொக் என்ற ஆங்கிலேயர். அவர்களுக்கு நன்றி உரியது. நமக்கு வெட்கம் உரியது. தமிழ்நாட்டில் 2023இல் வந்த 'மாவீரன்' திரைப்படம், பத்திரிகைக்கு வீரகதை வரையும் கோழையொருவனை இடிந்து விழும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நடுவே நிறுத்தி, நீ வரைவதற்கு நீயே பொறுப்பு என்று சொல்லிற்று. வணிக சினிமாவின் குறைகள் அதிலும் உண்டு. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு அதற்கு இருந்தது.

ஆகவே ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். எரிக்காதீர்கள், வழிபடவும் செய்யாதீர்கள். வகுப்பில் கொடுத்து, அரைத்தாளை நீட்டுங்கள். அடிவாங்குகிறவன் யார், அவனுக்குப் பெயருண்டா, வீரன் போனபின் ஊர் என்ன ஆகிறது என்று பிள்ளைகள் எழுதட்டும். சித்திரம் வரையத் தெரிந்த மாணவனைச் சுவரொட்டி எழுதுவதற்கு மட்டும் கூப்பிடாமல் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து உட்கார வையுங்கள்.

என் நண்பர் இன்னும் சமாதானமாகவில்லை. ஆனாலும் சென்ற வெள்ளிக்கிழமை ஸ்பைடர் புத்தகமொன்றைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போனார். இன்றுவரை திருப்பித் தரவில்லை, அரைத்தாளும் தரவில்லை. மாயாவி புத்தகம் அந்த மாணவியிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தை அவள் வேறுவிதமாக வரைந்துகொண்டிருக்கிறாளாம்.